தப்பாகச் சொன்னவர்கள் நிற்கவும்

"ஸெல் இல்ல மேடம், ஸோல்ட். நேத்து வித்ததைத்தானே சொல்றீங்க? எழுந்திருங்க."

அவள் எழுந்திருக்கவில்லை.

காதில் விழவில்லையோ என்று அந்தப் பையன் நினைத்தான். சென்னையிலிருந்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்தவன். வெள்ளைச் சட்டை, புது டை. மறுபடியும் விளையாட்டாகக் கையை மேலே தூக்கிக் காட்டினான்.

அவள் அப்படியே இருந்தாள்.

திருநெல்வேலி ஜவுளிக்கடை ஒன்றின் நாலாவது மாடி. ஆடித் தள்ளுபடி முடிந்து கூட்டம் வடிந்துபோன மத்தியானம். சேலைப் பிரிவுப் பெண்களுக்கு முதலாளி ஏற்பாடு செய்திருந்த வகுப்பு. இன்றைக்கு டென்ஸ். நேற்று என்ன செய்தாய் என்று ஒவ்வொருத்தியாகச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னவள் வகுப்பு முடிகிறவரை நிற்க வேண்டும்.

சும்மா ஒரு கேம்தான் என்று ஆரம்பத்திலேயே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தான். பாவம், அவன் படித்த பள்ளிக்கூடத்தில் அவனையும் இப்படித்தான் நிறுத்தியிருப்பார்கள்.

முதலில் முப்பிடாதி எழுந்தாள். அப்புறம் ஜெபசெல்வி. அப்புறம் பாத்துமுத்து. கொஞ்ச நேரத்தில் ஹாலில் பாதிப்பேர் நின்றார்கள். ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை.

நிற்பது என்ன அவர்களுக்குப் புதுசா?

காலையில் ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி இறக்குகிறவரை நிற்கிறவர்கள். உட்காரலாம் என்று சட்டம் வந்தபோது ஆளுக்கொரு ஸ்டூல் போட்டார்கள். அந்த ஸ்டூல்களில் இப்போது சேலைப்பெட்டிகள் சொகுசாக உட்கார்ந்திருக்கின்றன.

அவளுக்குக் கெண்டைக்காலில் நரம்பெல்லாம் சுருட்டிக்கொண்டு கிடந்தது. வீட்டுக்குப் போய்க் காலைச் சுவரில் தூக்கிவைத்துப் படுத்தால்தான் உயிரே திரும்பும்.

அதற்காக வகுப்பு வேண்டாம் என்று எழுந்து போகவும் அவளுக்கு மனசு இல்லை.

போன மாதம் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தம்பதி. இவள் அவர்களுக்கு மலை மாதிரிச் சேலைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் இவளைப் பார்த்து இங்கிலீஷில் என்னமோ சொன்னாள். புருஷன் சிரித்தான். மரியாதைக்கு இவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள். பிறகுதான், பக்கத்தில் நின்ற முப்பிடாதியின் முகம் செத்துப்போயிருந்ததைப் பார்த்தாள்.

என்ன சொன்னாள் என்று முப்பிடாதி கடைசிவரை சொல்லவில்லை.

இனி ஒருத்தரும் தன் முகத்துக்கு நேராகத் தனக்குப் புரியாதபடி பேசக் கூடாது. அந்த ரோஷத்தில்தான் வகுப்புக்கு முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். போர்டில் அவன் எழுதியதெல்லாம் புரிந்துதான் இருந்தது. வாய்க்கு வரும்போது நேற்றும் இன்றும் ஒன்றாகிவிட்டன.

ஆகாமல் என்ன செய்யும்? அவளுக்கு நேற்றும் இதே கடைதான், இன்றும் இதே கடைதான்.

"மேடம்…" பையன் தயங்கினான்.

"தப்புன்னா திருத்துங்க சார். நூறு தடவ வேணும்னாலும் திருப்பிச் சொல்லுதேன். நிக்க மட்டும் மாட்டேன்."

சத்தம் போடவில்லை. சேலை விலையைச் சொல்கிற அதே குரல்.

அவன் மார்க்கரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

கடைசி வரிசையில் மேனேஜர் எழுந்தார். யார் யார் இங்கிலீஷ் தேறுகிறார்கள் என்று பார்க்க வந்தவர். யாரை வைப்பது, யாரை அனுப்புவது என்பதெல்லாம் அவர் சொல்கிறபடிதான்.

"ஏ இசக்கியம்மா. எந்திரி."

அவள் திரும்பவில்லை.

"ஒன்னத்தான சொல்லுதேன்? எந்திரிக்கலன்னா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்."

வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். மகன் காலேஜ் முடிக்க இன்னும் ஒரு வருஷம் கிடக்கிறது. எழுந்து நின்றுவிட்டால் தீர்ந்தது. கேம்தானே? இத்தனை வருஷம் நின்றவளுக்கு இன்னும் அரைமணி நேரம் நிற்க முடியாதா?

முடியும். அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

செருப்பைக் கழற்றினாள். பாதங்களைத் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டாள். முதுகை நாற்காலியில் முழுசாகச் சாய்த்தாள்.

"நாளைக்கு வாறதப் பத்தி நாளைக்குப் பேசுவோம் சார். இப்பம் கிளாஸ் நடக்கு."

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்தினார்கள்.

மேனேஜரின் ஷூச் சத்தம் வரிசைகளுக்கு நடுவே முன்னால் வந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. செண்டு வாசனை குப்பென்று அடித்தது.

அவள் போர்டையே பார்த்தாள்.

"யெஸ்டர்டே," என்றாள், நிறுத்தி நிதானமாக. "ஐ ஸோல்ட் சிக்ஸ்டி சாரீஸ். சரியா சார்?"

பையன் மேனேஜரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அப்புறம் நின்றுகொண்டிருந்த பெண்களைப் பார்த்தான். ஒருத்தி ஒற்றைக்காலில் பாரத்தைப் போட்டு மற்றதை ஆற்றிக்கொண்டிருந்தாள். ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"சரி மேடம்," என்றான்.

பின்னால் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

முப்பிடாதியாகத்தான் இருக்கும். இவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுகை வந்துவிடும்.

இன்னொரு நாற்காலி. இன்னொன்று. அப்புறம் மடமடவென்று.

சத்தம் அடங்கியபோது ஹாலில் நின்றுகொண்டிருந்தவர்கள் இரண்டே பேர்.

இருவருமே டை கட்டியிருந்தார்கள்.