பெயரைச் சத்தமாகப் படிக்கவும்

“நீங்க கொஞ்சம் அப்படி ஓரமா உக்காருங்க.”

தேர்தல் வேலைக்கு வந்திருந்த வாத்தியார் அடையாள அட்டையைப் பார்த்தார். எதிரே நின்றவளைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். அட்டையில் அரும்புமீசை. எதிரே காதில் தொங்கட்டான்.

“ஏன் சார்?”

“சொல்றேன், உக்காருங்க. அடுத்து யாரு?”

அடுத்து நின்றவள் சலவைக்கடைக்காரி. வாய் மட்டும் இல்லையென்றால் அவளை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று தெருவே சொல்லும்.

“எங்க கேக்கக்காவுக்கு என்ன குறைச்சலாம்? முன்னால நின்னவங்களை ஓரங்கட்டிட்டு என்னைக் கூப்பிடறீங்க?”

“உங்க வேலையைப் பாருங்கம்மா.”

கேக்கக்கா என்பது தெரு வைத்த பேர். இந்தத் தெருவில் எந்தக் குழந்தைக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் அவள் வீட்டிலிருந்துதான் வரும். குடிவந்த நாளிலிருந்து அவள் கேக்கக்காதான். அதற்கு முன்னால் என்ன பேர் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டுவிடப் போகிறார்களே என்பதுதான் அவளுடைய பயம்.

போன தேர்தலில் வாசல்வரை வந்தாள். உள்ளே ஒவ்வொருவர் பேரையும் உரக்கப் படிப்பது காதில் விழுந்ததும் அப்படியே திரும்பிவிட்டாள். இந்த முறை என்ன ஆனாலும் சரி, ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று வந்திருக்கிறாள்.

வந்தவளுக்கு இந்த மரியாதை!

கட்சி ஏஜென்ட் ஒருவர் கழுத்தை நீட்டினார். “என்ன சார், ஆள்மாறாட்டமா?”

வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் கேக்கக்கா முந்திக்கொண்டாள். “ஆள் மாறித்தாங்க இருக்கேன். ஆள்மாறாட்டம் இல்ல.”

ஏஜென்ட் பட்டியலுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

வரிசை நகர்ந்தது. வாத்தியார் கணீர் கணீரென்று பேர் படித்தார். மருந்துக்கடைக்காரம்மா, அவளுடைய மாமியார், பின்னாலேயே வந்த நாத்தனார் என்று குடும்பம் குடும்பமாக ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். கேக்கக்கா மட்டும் பெஞ்சில் இருந்தாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

“சார், மூஞ்சிதான் பிரச்னைன்னா வேற பேப்பர் எல்லாம் கொண்டுவந்திருக்கேன். பாருங்க. எனக்கு ஓட்டு இருக்கு.”

“இல்லன்னு நான் சொன்னேனா? உக்காருங்கம்மா.”

“இன்னும் எவ்ளோ நேரம்?”

வாத்தியார் பேனாவைத் தட்டிக்கொண்டே வரிசையின் நீளத்தை எட்டிப் பார்த்தார்.

“திமிரைப் பாத்தீங்களா?” வாசலில் சலவைக்கடைக்காரி ஆரம்பித்துவிட்டாள். “படிச்ச மனுஷன் பண்ற வேலையா இது? பிள்ளைங்களுக்கு என்னத்தைத்தான் சொல்லிக்குடுக்கறாரோ! அக்கா ஓட்டுப் போடாம நான் இந்த வாசலை விட்டு நகர மாட்டேன்.”

கடையில் துணி மலையாய்க் குவிந்து கிடந்தது. அவள் நகரவில்லை. அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் நின்றுகொண்டார்கள்.

சாப்பாட்டு நேரம் ஆனது. வரிசை கரைந்து கடைசி ஆளும் போனார். வாத்தியார் எழுந்து வாசல் கதவைச் சாத்தினார்.

“கதவை வேற சாத்தறாரு! கேக்க நாதியில்லன்னு நெனச்சீங்களா?” வெளியே சத்தம் இன்னும் ஏறியது.

“இப்ப வாங்கம்மா,” என்றார் வாத்தியார், தன் இடத்தில் போய் உட்கார்ந்து.

கேக்கக்கா கொதித்துப் போயிருந்தாள். “இப்ப மட்டும் என் மூஞ்சி ஒத்துப்போயிடுச்சா?”

“அது அப்பவே ஒத்துப்போச்சு. மீசை போனா என்ன, கண்ணும் காதும் அதேதானே?” குரலைத் தாழ்த்தினார். “பேரைச் சத்தமாப் படிக்கணும்னு விதி. உங்க பின்னால தெருவே நின்னுச்சு. அக்கா அக்கான்னு அந்தம்மா உருகுது. அத்தனை பேர் காதுல இந்தப் பழைய பேரைப் போட எனக்கு வாய் வரலைம்மா. இப்ப ஏஜென்ட்டுங்களைத் தவிர யாருமில்ல. மெதுவாப் படிச்சிடறேன், போட்டுட்டுப் போயிடுங்க.”

கேக்கக்காவுக்கு இவ்வளவு நேரம் மனசுக்குள் இவரை என்னவெல்லாம் திட்டிவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

சாத்திய கதவைப் பார்த்தாள். அந்தப் பக்கம் சலவைக்கடைக்காரி இன்னும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். இவளுக்காகத்தான்.

கேக்கக்கா போய்க் கதவை அகலத் திறந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“உங்களுக்கு நல்ல மனசு சார். ஆனா சத்தமாவே படிங்க.”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“அடியும் உதையும் வாங்கி என்னை இதுவரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது அந்தப் பேர்க்காரன்தான் சார். அவனை எதுக்கு நான் ஒளிச்சு வைக்கணும்? இவங்களும் தெரிஞ்சுக்கட்டும்.”

வாத்தியார் எழுந்து நின்று பட்டியலைக் கையில் எடுத்தார். பழக்கதோஷம், வகுப்பில் வருகை எடுக்கிற குரல் தானாக வந்துவிட்டது. அறை அதிரும்படி அந்தப் பேரைப் படித்தார். அது என்ன பேர் என்பது நமக்கெதற்கு?

வாசலில் பேச்சு நின்றது. சலவைக்கடைக்காரியின் வாய்கூட மூடிக்கொண்டது. எல்லாரும் உள்ளே பார்த்தார்கள்.

கேக்கக்கா தலையை நிமிர்த்தினாள். தெருவுக்கே கேட்கும்படி பதில் சொன்னாள்:

“உள்ளேன் ஐயா!”