நாலு முடிச்சு

ஜெபமலர் எழுந்திருக்கப் பார்த்தாள். துப்பட்டா பின்னுக்கு இழுத்தது.

திரும்பிப் பார்த்தாள். அதன் முனை பக்கத்தில் இருந்த கிழவி ரிவ்காவின் மேலங்கிக் கயிற்றோடு சேர்ந்து கிடந்தது. ஒன்றல்ல, நாலு முடிச்சு. போட்டுவிட்டு ஒன்றும் அறியாதவள் போல ரிவ்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாபகம் போன பிறகு அந்தக் கைகளுக்கு இது ஒன்றே வேலை. துண்டு, திரைச்சீலை, எது அகப்பட்டாலும் முடிந்து வைத்துவிடும்.

சனிக்கிழமை ஓய்வுநாள். அன்று முடிச்சுப் போடவும் கூடாது, அவிழ்க்கவும் கூடாது. இஸ்ரேலில் அந்த யூத வீட்டுக்கு அது சட்டம். வெள்ளிதோறும் விளக்கேற்றுமுன் கயிறு, நாடா எல்லாவற்றையும் ஒளித்துவைப்பது ஜெபமலரின் பொறுப்பு. ரிவ்காவைப் பார்த்துக்கொள்ள வந்த ஆறு வருடத்தில் ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

நேற்று பெட்டி கட்டும் அவசரத்தில் மறந்துவிட்டாள்.

விசா முடிந்துவிட்டது. ஐந்து மணிக்குத் தெருமுனையில் கார். இரவு விமானம். பிறகு நாகர்கோவில். இனி இங்கே திரும்பி வர வழியில்லை.

கெஷெர்.

இந்த நாட்டில் அவள் முதலில் கற்ற சொற்களில் ஒன்று. எபிரேய மொழியில் தொடர்புக்கும் அதுதான், முடிச்சுக்கும் அதுதான். போனில் பேச்சு அறுந்தால் கெஷெர் இல்லை என்பார்கள். இரண்டு பேர் மனம்விட்டுப் பழகினால் அதுவும் கெஷெர். விடைபெறுகிறவர்கள் எல்லாரும் கெஷெரில் இருப்போம் என்பார்கள். அதோடு சரி, ஒரு போன்கூட வராது.

மத்தியானம் ரிவ்காவின் மகள் ஹன்னாவும் அதையேதான் சொன்னாள். ஜெபமலருக்குச் சுருக்கென்றது.

"ஐயோ, இமா என்ன பண்ணி வச்சிருக்காங்க!"

வாசலில் ஹன்னா. அம்மாவை அவள் இமா என்றுதான் கூப்பிடுவாள். வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்தால்தான் ஓய்வுநாள் முடியும்; அதுவரை அவளால் அந்த முடிச்சைத் தொட முடியாது.

"நீ அவிழ்த்துக்கோ. உனக்கென்ன தடை?"

தடை இல்லைதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவள் அவள்.

முதல் முடிச்சில் விரலை வைத்தாள். ரிவ்காவின் கை வந்து அதன்மேல் அமர்ந்தது. சூடான, லேசான கை.

ஜெபமலர் மறுபடி உட்கார்ந்தாள்.

"இருக்கட்டும். கார்க்காரர் கொஞ்சம் நிப்பாரு."

ஹன்னா சமையலறைக்குப் போனாள்.

எதிர்வீட்டுச் சுவரில் வெயில் ஏறி, மறைந்தது. ஒரு நட்சத்திரம் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இன்னொன்று. போன் இரண்டு தடவை அதிர்ந்து ஓய்ந்தது.

ரிவ்கா அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இந்தப் பாரத்தை விட்டுவிட்டு ஊரில் என்ன செய்யப்போகிறோம் என்று ஜெபமலர் நினைத்தாள்.

மூன்றாவது நட்சத்திரத்தை அவள்தான் முதலில் பார்த்தாள்.

"மூணாச்சா?" உள்ளேயிருந்து ஹன்னா கேட்டாள்.

"இன்னும் ரெண்டுதான்."

சமையலறை ஜன்னலும் அந்தப் பக்க வானத்தைத்தான் பார்த்திருந்தது.



"சரி," என்றாள் ஹன்னா. "மெதுவா வரட்டும்."