பாத்திரம்: அமலன்

சமையலறைச் சுவரில் இருந்த கறுப்புத் திரைதான் தினமும் காலையில் வீட்டு வேலைகளைக் குலுக்கிப் போட்டுப் பிரித்துக் கொடுக்கும். பச்சை எழுத்தில் அது சொன்னதுதான் சட்டம். இருபத்து மூன்று நாளாக அது ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது: ‘பாத்திரம்: அமலன்.’

“புரோகிராம்ல ஏதோ பக் இருக்கு,” என்றான் அமலன். வீட்டு ஆட்கள் செய்வதைப் பார்த்தும் கேட்டும் தானே கற்றுக்கொள்ளும் அந்த புரோகிராமை எழுதியவனே அவன்தான்.

“பாத்திரம் கழுவுறதுன்னு வந்தா மட்டும் உங்களுக்கு பக் கண்ணுல பட்டுருமே!” என்றாள் மனைவி ஜெசிந்தா.

பிழை தேடும் குறிப்புகளையும் திரையிலேயே காட்டச் சொன்னால் வேலைப் பட்டியல் கலைந்துவிடும். அதனால் புரோகிராம் செய்வதை ஒன்றுவிடாமல் தனியாக ஒரு ஃபைலில் பதிய வைத்தான். மறுநாள் திறந்து பார்த்தான்.

‘குலுக்கல்: ஜெசிந்தா. ஜெசிந்தா பெருமூச்சு விட்டார். மாற்றம்: அமலன்.’

அட, இவ்வளவுதானா விஷயம்! அடுத்த நாள் காலை திரைக்கு முன்னால் போய் நின்று, அடிவயிற்றிலிருந்து ஒரு பெருமூச்சு விட்டான். திரை சற்று யோசித்தது.

‘பாத்திரம்: அமலன். கழிவறை: அமலன்.’

கொதித்துப்போனவன், ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தையும் சேர்த்து ஃபைலில் எழுதும்படி புரோகிராமை மாற்றினான். மறுநாளும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ஃபைலைத் திறந்தான்.

‘அமலன் பெருமூச்சு: நடிப்பு. ஏற்கவில்லை.’

அதற்கு மேல்வரியில் ஜெசிந்தா இருந்தாள்.

‘ஜெசிந்தா பெருமூச்சு: நடிப்பு. ஏற்கப்பட்டது. நடிப்பு என்று தெரிந்தும் ஏற்கக் கற்றது: அமலனிடம்.’