முக்கோணம் இல்லாத வண்டி

மலைச்சாலையில் மூடுபனி இறங்கிக்கொண்டிருக்கிறது. காரும் மின்சாரமும் வேண்டாமென்று வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்கள் நாங்கள். எங்கள் குதிரைவண்டியை நிறுத்திய போலீஸ்காரர் ரஸ்ஸல், அதன் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்க்கிறார். மெதுவாகப் போகும் வண்டிகளுக்குச் சட்டம் கேட்கும், இருட்டில் மின்னும் ஆரஞ்சு நிற முக்கோணத் தகடு அங்கே இல்லை. மண்ணெண்ணெய் விளக்கு மட்டும் ஆடுகிறது. என் மடியில் முட்டைக்கூடை. "ஒரு தகடுதானே ஈனோஸ், மாட்டினா என்ன குறைஞ்சுடும்?" என்று என் கணவரைக் கேட்கிறார். "பகட்டு நிறத்தைச் சபை ஒத்துக்காது. தகட்டை நம்பியா ரோட்டுல இறங்குறோம்? கர்த்தர் பார்த்துக்குவார்" என்கிறார் என் கணவர். "கர்த்தருக்கு உங்க வண்டி தெரியும்யா. பின்னாடி வர்ற லாரிக்காரனுக்குத் தெரியணுமே." ரஸ்ஸல் அபராதச் சீட்டைக் கிழித்து நீட்டுகிறார். "இதையும் கட்டமாட்டீங்க. ஜெயில்தான்." "சரி. சோளம் அறுத்து முடிச்சதும் வரேன்."

ரஸ்ஸல் காரில் ஏறுகிறார். எங்களை முந்திப் போய்விடுவார் என்று நினைக்கிறேன். போகவில்லை. கூரைமேல் சிவப்பும் நீலமுமாக விளக்குகளைச் சுழலவிட்டு, குதிரையின் நடைக்கு எங்கள் பின்னாலேயே ஊர்ந்து வருகிறார். முட்டைகள்மீதும் ஈனோஸின் தாடியிலும் அந்த வெளிச்சம் மாறி மாறி விழுகிறது. எங்கோ பின்னால் ஒரு லாரி வேகத்தைக் குறைக்கும் சத்தம். வீட்டுக்கு இன்னும் தூரம் இருக்கிறது. ரஸ்ஸலைத் திரும்பிப் போகச் சொல்லி ஈனோஸ் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.