சாட்சிக் கையெழுத்து

"என் கல்யாணத்தை நிறுத்த எழுபது லட்சம் பேர் கிளம்பினாங்க. அத்தனை பேரையும் ஒத்தை ஆளா விரட்டினேன்!" என்றார் ஆர்வில்.

ஃபிரெஸ்னோ முதியோர் மன்றத்தின் சீட்டாட்ட மேசைக்குப் புதிதாக வந்திருந்த அடேலா சிரித்துவிட்டார்.

"இவன் சொல்றதுல பாதி பொய்ம்மா," என்றார் எதிரே இருந்த டெல்பர்ட். "மீதி அதைவிடப் பெரிய பொய்."

"ஆணும் ஆணும் கட்டிக்கக் கூடாதுன்னு கலிஃபோர்னியாவே ஓட்டுப் போட்டுச்சே, பொய்யா? நானும் ரொசெண்டோவும் அஞ்சு வருஷம் காத்துக் கிடந்தோம். அப்புறம் கோர்ட்டு அந்த ஓட்டைத் தள்ளிடுச்சு."

"தள்ளினது தப்பு! ஊரே போட்ட ஓட்டை ஒரு நீதிபதி குப்பையில போடறதா?" என்றார் டெல்பர்ட்.

ஆர்வில் கண்டுகொள்ளவில்லை. "மறுபடி யாராவது தடுத்துடுவாங்களோன்னு பயம். பதிவு ஆபீசுக்கு ஓடினோம். ரொசெண்டோ, பாவம், தோட்டத்துத் தொப்பியைக்கூடக் கழட்டலை. இப்ப இருந்தா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். மூட அஞ்சு நிமிஷம்தான் இருக்கு, சாட்சி இல்லை! ஊரெல்லாம் போன் போட்டேன். கடைசியில, எங்க கல்யாணத்துக்கு எதிரா ஓட்டுப் போடுங்கன்னு வாசல்ல பலகை நட்டிருந்த ஒருத்தன் டிராக்டர்ல பறந்து வந்து கையெழுத்துப் போட்டான்!"

அடேலா டெல்பர்ட்டைப் பார்த்தார். "இதுவும் பொய்தானே?"

டெல்பர்ட் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார்.

"டிராக்டர் பொய். என் பழைய வேன்லதான் போனேன். நீதிபதி செஞ்சது தப்புன்னு இப்பவும் சொல்வேன். ஆனா அந்த ஓட்டுச் சீட்டுல கேள்விதான் இருந்துச்சு, யார் பேரும் இல்லையேம்மா. கல்யாணப் பத்திரத்துல இவங்க ரெண்டு பேர் பேரும் இருந்துச்சு. நடந்தது நெசந்தான்."