பத்து வீட்டுக் காவல்

புதுக் கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் எட்வின் கேட்டான். "இதுக்கு ஆன்டிவைரஸ் போட வேண்டாமா?"

கொண்டுவந்த கடைப்பெண் சிரித்தாள். "இப்ப வர்றதுக்கு அது தேவையில்லை சார். பத்து வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் பக்கத்துல வீட்டுக்கு ஒரு மணி நேரம் இதை வெச்சாப் போதும். எந்த வைரஸ் எப்படி வரும்னு அதுங்களே சொல்லிக்கொடுத்துடும்."

எட்வினின் மனைவி செவ்வந்திக்குத் திங்கட்கிழமை முதல் வீட்டிலிருந்தே வேலை. காவலில்லாத கணினியை அலுவலகம் ஏற்காது. இந்த அடுக்ககத்துக்கு வந்து மூன்று வருடமாகியும் அவர்களுக்கு ஒருவரையும் தெரியாது.

செவ்வந்தி கணினியை மார்போடு அணைத்தபடி எதிர்வீட்டு மணியை அடித்தாள். கதவைத் திறந்த பெண் கணினியைப் பார்த்ததும் துள்ளினாள்.

"அய்யோ, உங்களுதும் புதுசா? யார் வீட்டுக்குப் போறதுன்னு தெரியாம நானும் ஒரு மாசமா வெச்சிட்டு உக்காந்திருக்கேங்க! என் பேரு மெஹ்ருன்னிசா."

"அப்ப வாங்க, சேர்ந்தே போலாம்!"

இருவரும் லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறினார்கள்.

ஞாயிறு மாலை பத்தாவது வீட்டில் இரண்டு கணினிகளிலும் பச்சை விளக்கு எரிந்தது. எட்வின் போனில் அழைத்தான்.

"முடிஞ்சுதா? கிளம்பி வாயேன்."

"முடிஞ்சுதுங்க. ஆனா இங்க வடை போட்டுட்டிருக்காங்க. நீங்க மேல வாங்க!"