ருசி பார்க்கிறவள்

நாக்கில் கசந்தது.

அவள் விழுங்கவில்லை. துப்பவும் இல்லை.

சாம்பாரை வாயில் வைத்தபடியே நிமிர்ந்தாள். பள்ளி வராந்தாவில் இரண்டு வரிசையாகப் பிள்ளைகள். எல்லார் மடியிலும் காலித் தட்டு. எல்லார் கண்ணும் அவள் முகத்தில்.

மற்ற நாட்களில் யாரும் பார்க்கமாட்டார்கள். தட்டைத் தட்டுவார்கள். முட்டைக்குச் சண்டை போடுவார்கள். அவள் ருசி பார்த்துத் தலையாட்டிய பிறகே பரிமாற வேண்டும் என்பது இந்தப் பள்ளியின் வழக்கம். அவர்களுக்கு அது வெறும் தாமதம்.

இன்று காலை வணக்கக் கூட்டத்தில் ஐந்தாம் வகுப்பு முத்தரசி செய்தி வாசித்தாள். எங்கோ ஓர் ஊரில், மதிய உணவு உண்ட மாணவர்கள் மருத்துவமனையில். காய்கறிகளை ஒதுக்காமல் உண்ண வேண்டும் என்பது அடுத்த செய்தி. அது யார் காதிலும் விழவில்லை.

இந்தப் பள்ளியில் அவளுக்குப் பிள்ளை இல்லை.

இருந்த ஒரு மகன் வேறு பள்ளியில் படித்தான். அவன் கடைசியாகச் சாப்பிட்டது அங்கேதான். அன்று அங்கே யாரும் ருசி பார்க்கவில்லை.

ருசி பார்க்கும் வேலையை இங்கே வந்து கேட்டாள். காரணம் கேட்காமல் பெற்றோர் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள்.

போன மாதம் ஒருநாள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அண்டாவோடு கொட்டினார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு வாழைப்பழத்தோடு வகுப்புக்குப் போனார்கள். சோதித்துப் பார்த்தவர்கள் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

தலைமையாசிரியர் கோபப்படவில்லை. "இன்னொரு தடவ இப்படின்னா, வேற ஆளத்தாம்மா போடணும்" என்றார்.

இப்போது அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

சமையல்காரி செல்லக்கனி அவள் காதருகே குனிந்தாள்.

"யக்கா, தாளிக்கைல வெந்தயம் தீஞ்சு போச்சு. சார்ட்ட சொல்லிராதீய. அன்னைக்குக் கொட்டுனதுக்கே எம்மேலதான் பழி."

உண்மையாக இருக்கலாம். மகன் படித்த பள்ளியிலும் அன்று ஒருத்தி இப்படி ஏதாவது சொல்லியிருப்பாள்.

விழுங்கினாள். விழுங்குவதில் அவளுக்குப் பயமில்லை. தலையாட்டுவதில்தான்.

அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். மேலே நின்ற எண்ணெயில் கருகிய வெந்தயம். ஒன்றை எடுத்து முன்பல்லில் கடித்தாள்.

அதே கசப்பு.

அது மட்டும்தானா?

பின்வரிசையில் ஒரு பையன், "பாவக்கா சாம்பார்லே" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

தலையாட்டினாள்.

ஒரு தட்டும் நீளவில்லை.

"அத்த, ஒங்க மூஞ்சி ஏன் அப்படிப் போச்சு?" முத்தரசிதான் கேட்டாள். தட்டை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

செல்லக்கனி ருசி பார்த்தவள் முகத்தையே பார்த்தாள். தலைமையாசிரியரும் பார்த்தார்.

அவள் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய் முத்தரசியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குப் போடு."

செல்லக்கனி சோறு வைத்தாள். சாம்பார் ஊற்றும்போது கரண்டி தட்டில் மோதியது. அவள் பிசைந்து, பெரிய கவளமாக உருட்டி, வாயில் வைத்து, மென்று, எல்லாரும் பார்க்க விழுங்கினாள்.

"கசக்குது" என்றாள். "வெந்தயம் தீஞ்சிருக்கு. சாப்பிடலாம்."

செல்லக்கனியின் முகம் செத்தது. தலைமையாசிரியர் செல்லக்கனியைத் திரும்பிப் பார்த்தார்.

முத்தரசி அந்தத் தட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு தன் தட்டை நீட்டினாள்.

அதன் பின் வரிசை முழுக்கத் தட்டுச் சத்தம்.

அவள் கை தன் தட்டிலேயே நின்றுவிட்டது. முத்தரசியின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவளம் இறங்கியது.

அவள் கண்ணை எடுக்கவில்லை.